ராஜா என்கிற ராணியும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

'சார், ஒரு நிமிஷம்...' என்று கையில் நோட்டுப் புத்தகத்தோடு யாராவது எதிரே வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

நான் செய்வதைச் சொல்லிவிடுகிறேன். அடிக்காத செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, 'ஆமா சார்... ஃபைல் அனுப்பிட்டேன் சார்...' என்று பேசியபடியே நைஸாகக் கடந்துவிடுவேன். ஒருமுறை அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் போன் நிஜமாகவே அடித்து மானத்தை வாங்கியது. அப்பா காலத்தில் 'சில்லறை இல்லீங்க' என்று ஒரு ராஜபாட்டை இருந்தது. ஜிபே வந்து அதையும் அடைத்துவிட்டார்கள்.

இப்படி ஊரிலுள்ள அத்தனை வசூல் மன்னர்களிடமிருந்தும் தப்பித்த நானே, ஒருநாள் நாற்பது பக்க நோட்டோடு தெருவில் நிற்க வேண்டி வந்தது. காரணம், ராஜா.

ராஜா எங்கள் தெரு நாய். மேற்கு மாம்பலத்தில், நானும் இரண்டு நண்பர்களும் வாடகைக்கு இருக்கும் போர்ஷனுக்கு எதிரே உள்ள டீக்கடைதான் அதன் தலைமைச் செயலகம். வயது ஒன்றுகூட ஆகவில்லை. தினம் ஒரு பொறை பிஸ்கட் போடுவேன். அது வாலை ஆட்டும். எங்கள் உறவு அவ்வளவுதான். அதற்கு மேல் இரண்டு பேருமே ஒன்றும் எதிர்பார்க்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி. ஒரு பைக் வந்த வேகத்தில் அடித்துவிட்டு, வந்த வேகத்திலேயே போய்விட்டது. ராஜா நடு ரோட்டில் கிடந்து கத்துகிறது. பின்னங்கால் ஒன்று தனியாகத் தொங்குகிறது. சுற்றிலும் இருபது பேர். அதில் பன்னிரண்டு பேர் செல்போனில் படம் எடுக்கிறார்கள். எட்டுப் பேர் 'த்சொ... த்சொ...' என்கிறார்கள்.

நான் அந்த எட்டில் ஒருவன். மெதுவாக நழுவத்தான் பார்த்தேன். டீக்கடை மாஸ்டர் விடவில்லை.

"தம்பி, தெனம் பிஸ்கட் போடுறது நீங்கதானே? உங்க நாய்தானே?"

பொறை பிஸ்கட் போட்ட பாவத்துக்கு நாய்க்குச் சொந்தக்காரன் ஆனேன்!

* * *

அடிபட்ட நாயைத் தூக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. அது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வலியில் இருக்கும் நாய், தினம் சோறு போடும் கையையும் கடிக்கும். அது நன்றி கெட்டதனம் இல்லை, பயம். நல்லவேளை, எதிர் வீட்டு மாமிக்கு விஷயம் தெரிந்திருந்தது. பழைய வேட்டியில் நீளமாக ஒரு துண்டு கிழித்து, வாயைச் சுற்றிக் கட்டச் சொன்னார். மூச்சு விடத் திணறினாலோ, வாந்தி எடுத்தாலோ அப்படிக் கட்டக் கூடாது என்றும் சொன்னார். காலையோ கழுத்தையோ பிடித்து இழுக்காமல், ஒரு பலகையில் மெதுவாக நகர்த்தி, அப்படியே பலகையோடு தூக்கினோம். ஒரு நண்பன் பாசத்தில் பாராசிட்டமால் மாத்திரையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். மாமி போட்ட சத்தத்தில் மாத்திரை அவன் சட்டைப் பைக்கே திரும்பிப் போய்விட்டது. நமக்குப் போடும் மாத்திரை நாய்க்கு விஷமாகலாம். பூனைக்கு அரை மாத்திரையே எமன்.

அடுத்தது ஆட்டோ.

"நாயா? சீட்டு பாழாயிடும் சார்!"

"நூறு ரூபா சேர்த்துத் தர்றேன்."

"ரத்தம் வருது சார்..."

"இருநூறு!"

ஆட்டோக்காரர் ஜீவகாருண்யத்துக்கு மாறினார். எங்கிருந்தோ ஒரு பழைய ஃபிளெக்ஸ் பேனரைக் கொண்டுவந்து சீட்டில் விரித்தார். பேனரில் ஒரு தலைவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் மேல் ராஜாவைப் படுக்க வைத்து, வேப்பேரிக்குப் போனோம்.

வேப்பேரியில் இருப்பது சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி. 1903-ல் சைதாப்பேட்டையில் ஆரம்பித்து, பிறகு வேப்பேரிக்கு வந்தது. அங்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பார்த்தால் சாதி, மதம், வசதி எல்லாம் காணாமல் போய்விடும். காரில் வந்த ஒரு வெளிநாட்டு நாய், மடியில் துண்டு விரித்து ஒரு பாட்டி வைத்திருந்த கோழி, கூண்டில் ஒரு கிளி, நடுவில் பேனரில் எங்கள் ராஜா. எல்லாருக்கும் ஒரே க்யூ.

டாக்டர் பார்த்தார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பேர் என்ன?"

"ராஜா சார்."

"இது ராணிங்க!"

ஒரு தெருவே மாதக்கணக்கில் ராஜா, ராஜா என்று கூப்பிட்டிருக்கிறது. ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை. நாம் தெரு நாயைப் பார்க்கிற லட்சணம் இதுதான்.

"எலும்பு முறிஞ்சிருக்கு. கட்டுப் போட்டுடலாம். ஆனா ஆறு வாரம் ஓட விடாம, ஒரே இடத்தில வெச்சுப் பார்த்துக்கணும். நடுவில கட்டு மாத்தணும். யார் பார்த்துப்பீங்க?"

நான் ஆட்டோக்காரரைப் பார்த்தேன். அவர் தலைவரைப் பார்த்தார்.

* * *

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. அடிபட்ட மிருகத்தைத் தூக்கி ஆட்டோவில் போடுவது பெரிய விஷயமே இல்லை. அரைமணி நேர வீரம். போட்டோ எடுத்துப் போட்டால் நூறு பேர் கைதட்டுவார்கள். இரண்டாவது வாரம் வரும் பாருங்கள், அப்போதுதான் சாயம் வெளுக்கும். சாக்கு மாற்ற வேண்டும், பினாயில் ஊற்ற வேண்டும், நாயைத் தூக்கிக்கொண்டு கட்டு மாற்றப் போக வேண்டும், ஆபீசுக்கும் போக வேண்டும். அந்த வாரத்தில் கைதட்டல் ஒன்றும் வராது. பில் மட்டும் வரும்.

ஹவுஸ் ஓனர் மாமாவிடம் போய்த் தலையைச் சொறிந்தேன். பேச்சிலர்களுக்கு வீடு விட்டதே தப்பு என்று ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி வருத்தப்படுகிறவர் அவர். அரை நிமிஷம் யோசித்துவிட்டு, "கார் ஷெட்ல வெச்சுக்கோ. ஆனா சத்தம் வந்தா ரெண்டு பேரும் வெளியே!" என்றார். ரெண்டு பேர் என்றது என்னையும் ராஜாவையும்.

முதல் நாள் செலவிலேயே சம்பளத்தில் துண்டு விழுந்தது. வேறு வழியில்லை. மளிகைக் கடையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பிள்ளையார் சுழி போட்டேன்.

வசூலுக்குப் போனால்தான் மனிதர்களின் வகை தெரிகிறது. முதல் வகை, ஆலோசனை நன்கொடையாளர். "நீ ஏன் ஒரு டிரஸ்ட் ஆரம்பிக்கக் கூடாது?" என்று இருபது நிமிஷம் பேசுவார். பைசா பெயராது. இரண்டாவது வகை, தத்துவவாதி. "மனுஷனுக்கே சோறில்லாத நாட்டுல நாய்க்கு எக்ஸ்ரேவா?" என்பார். சரி, மனிதனுக்கு எவ்வளவு கொடுத்தார் என்று விசாரித்தால், அதுவும் இல்லை! மூன்றாவது வகை, பேசாமல் கொடுத்துவிட்டுப் போகிறவர். எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அம்மா இருபது ரூபாயை நீட்டி, "பேரெல்லாம் எழுதாத தம்பி" என்றார். நோட்டில் 'பூக்காரம்மா 20' என்று எழுதியபோது எனக்கு அந்தப் பொய்ப் போன் ஞாபகம் வந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

ஆபீசில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் ஒரு அண்ணாச்சி உண்டு. பத்து ரூபாய் வவுச்சரையே இரண்டு முறை திருப்பிப் பார்க்கிறவர். அவரிடம் கேட்காமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவரே கூப்பிட்டார்.

"எல்லார்கிட்டயும் வாங்குதீயளே, கணக்கு எங்க? பில்லு எங்க?"

பில்லா? பாதி சட்டைப் பையில், மீதி துவைத்த பேண்ட் பையில்! அவரே ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கோடு போட்டார். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. ஒவ்வொரு சனிக்கிழமையும் எழுதி, எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டச் சொன்னார். ஆபீசில் கேன்டீன் பக்கம், தெருவில் டீக்கடைச் சுவர். ஒட்டிய மறு வாரமே வசூல் கூடிவிட்டது. கொடுக்க மனசில்லாதவர்கள் நம் ஊரில் குறைவுதான். கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று தெரியாததால் கையை இழுத்துக்கொண்டவர்கள்தான் அதிகம்.

ஆறு வாரம் கழித்து டீக்கடைச் சுவரில் இருந்த கடைசிக் கணக்கு இது:

வரவு - ஆபீஸ் 4,100, தெரு 3,660, நண்பர்கள் 1,500. மொத்தம் 9,260 ரூபாய்.

செலவு - ஆட்டோ 1,400, எக்ஸ்ரே, கட்டு, மருந்து 3,850, சாப்பாடு 2,100, சாக்கு, கயிறு, பினாயில் 480. மொத்தம் 7,830 ரூபாய்.

கையிருப்பு 1,430 ரூபாய்.

அந்தக் கையிருப்புதான் வம்பை இழுத்து வந்தது.

* * *

எங்கள் தெருவில் நான் கதவைத் தட்டாத வீடு ஒன்று இருந்தது. முந்தைய வருஷம் அந்த வீட்டுப் பெண் குழந்தை டியூஷனுக்கு சைக்கிளில் போகும்போது ஒரு நாய் துரத்திக் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. ராஜா இல்லை, வேறொரு நாய். ஆனால், அந்த அப்பாவுக்கு எல்லாம் நாய்தான். கணக்கு ஒட்டியிருந்த சுவரின் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் நின்று படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திரும்பினார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிதானமாகக் கேட்டார்.

"நாய்க்கு வசூல் பண்றீங்க தம்பி, நல்ல விஷயம். என் பொண்ணுக்கு நாலு தடவை ஊசி போட்டாங்க. முதல் நாள், மூணாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். ஒவ்வொரு தடவையும் லீவு போட்டுட்டுப் போனேன். ராத்திரி தூக்கத்துல அலறுவா. அதுக்கு இந்தத் தெருவுல யார் நோட்டுப் போட்டீங்க?"

டீக்கடையில் பாய்லர் சத்தம் மட்டும் கேட்டது. என்னிடம் பதில் இல்லை.

அவர் கேட்டது நியாயம். ரேபீஸ் சாதாரண வியாதி இல்லை. கடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்கு ஏறும். அறிகுறி தெரிந்துவிட்டால், பிழைத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். உலகம் முழுவதும் வருஷத்துக்குச் சுமார் 59,000 பேர் இதனால் சாகிறார்கள் என்பது ஒரு மதிப்பீடு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடிபட்டவுடன் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. இவ்வளவும் தெரிந்த ஒரு தகப்பனிடம் போய் ராஜாவின் சோகக் கதையை நான் எப்படிச் சொல்வது?

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவருக்குப் பதில் தேடித் தேடிப் படித்ததில் ஒரு விஷயம் கிடைத்தது. அந்தப் பெண்ணின் ஊசிக்கும் ஒருவர் நோட்டைத் திறந்திருக்கிறார். நூறு வருஷத்துக்கு முன்னாலேயே! நாய்க்கடிக்கு வைத்தியம் செய்ய குன்னூரில் 1907-ல் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் திறந்தார்களே, அது ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கப் பணக்காரர் கர்ஸன் பிரபுவிடம் கொடுத்த நன்கொடையில் எழுந்தது. முகம் தெரியாத ஊர்க் குழந்தைகளுக்காக எவரோ எடுத்துக் கொடுத்த பணம்!

இன்னொரு கதை, எங்கள் பேட்டைக்குப் பக்கத்திலேயே நடந்தது. ரயில் தண்டவாளத்தைத் தாண்டினால் தி.நகர். 1959-ல் ஒரு பெருமழையில், அங்கே தண்ணீரில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை ஒருவர் வீட்டுக்குத் தூக்கி வந்தார். அவர் கேப்டன் வி.சுந்தரம், விமானி. மனைவி உஷா சுந்தரமும் விமானி. அந்த வீட்டில் ஆரம்பித்ததுதான் இன்றைய ப்ளூ கிராஸ். அவர்களும் அந்த இரண்டு குட்டிகளோடு நிறுத்தியிருந்தால், அது ஒரு குடும்பக் கதையோடு போயிருக்கும்.

அவர்கள் மகன் சின்னி கிருஷ்ணா எழுதியிருப்பதைப் படித்தால் வயிற்றைப் புரட்டுகிறது. சென்னையில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வது 1860-லேயே தொடங்கிவிட்டதாம். 1995 வாக்கில் ஒரு நாளைக்கு 135 நாய்வரை கொன்றிருக்கிறார்கள். நடுவில் நாய்த் தோலில் கழுத்து டை செய்து பார்க்கிற அளவுக்குப் போயிருக்கிறது! (டை கட்டி ஆபீஸ் போகும் நண்பர்கள் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளவும்.) சரி, இவ்வளவு கொன்றும் நாய் குறைந்ததா? இல்லை. ஒரு தெரு காலியானால், அந்தக் குப்பைத்தொட்டியைத் தேடி அடுத்த தெரு நாய் வந்துவிடும். கருத்தடை ஆகாத பெட்டை நாய் வருஷத்துக்கு இரண்டு ஈடுகூடப் போடும். கத்தியால் கழித்தால் இயற்கை பெருக்கல் போடும். கணக்கு எப்படி நேராகும்?

அதனால் 1964-லிருந்தே ப்ளூ கிராஸ் சொல்லி வந்தது இதுதான்: பிடி, கருத்தடை செய், ரேபீஸ் தடுப்பூசி போடு, அதே இடத்தில் விடு. சென்னை மாநகராட்சி இதை ஏற்றுக்கொண்டு ஆரம்பித்தது 1996-ல். முப்பத்திரண்டு வருஷம்! நம் ஃபைல்கள் நகரும் வேகம் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. 2001-ல் இதுவே நாடு முழுவதற்கும் மத்திய அரசின் விதி ஆனது. 2023-ல் புதிய விதிகள் வந்தன. காதோரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கிற நாயைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் ஆபரேஷன் ஆகிவிட்டதற்கு அத்தாட்சி.

ஒரு பகுதியில் நூற்றுக்கு எழுபது நாய்க்கு தடுப்பூசி தொடர்ந்து போட்டுவந்தால் ரேபீஸ் பரவ வழியில்லாமல் அடங்கிவிடும் என்கிறார்கள் நிபுணர்கள். அப்படியானால், நாயைக் காப்பாற்றும் ஊசியும் அந்தக் குழந்தையைக் காப்பாற்றும் ஊசியும் ஒன்றுதானே!

மறுநாள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். கையிருப்பு 1,430 ரூபாய் என்றேன். தெருவில் மொத்தம் எட்டு நாய். எட்டுக்கும் தடுப்பூசி போடப்போகிறோம், கருத்தடைக்கு மாநகராட்சியின் 1913-க்குப் போன் செய்து சொல்லியாகிவிட்டது என்றேன். அவர் வாசலிலேயே நின்று கேட்டார். உள்ளே கூப்பிடவில்லை.

"பணம் பத்துமா?"

"பத்தாது சார்."

"குறையறதை நான் போடறேன். நாய்க்காக இல்லை. என் பொண்ணுக்காக."

நோட்டில் எழுதிக்கொண்டேன். 'எதற்காக' என்று ஒரு காலம் என் நோட்டில் இல்லை. அதனால் சண்டை வரவில்லை.

* * *

இதையெல்லாம் படித்துவிட்டு, 'நாமும் ஏதாவது செய்யலாமே' என்று தோன்றினால், எங்களுக்குப் பட்டுத் தெரிந்த சிலது:

தனியாக இறங்காதீர்கள். நாலு பேர் வேண்டும். ஒருவர் தூக்க, ஒருவர் அலைய, ஒருவர் சோறு வைக்க, ஒருவர் கணக்கு எழுத. கணக்கு எழுதுகிறவர்தான் தலைவர்.

ஒரே நாளில் ஆயிரம் கொடுக்கும் ஒருவரைவிட, மாதம் ஐம்பது ரூபாய் கொடுக்கும் இருபது பேர் மேல். காப்பகங்களுக்கு மழையிலும் தீபாவளியிலும் ஒரே மாதிரிதான் செலவு. முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நேரில் போய்வாருங்கள். நாய்க்குட்டியோடு செல்ஃபி எடுக்க ஆள் நிறைய வருவார்கள், கூண்டு கழுவத்தான் ஆள் குறைவு. பழைய பேப்பர், பழைய பெட்ஷீட்கூட அங்கே உதவும். போன் செய்து கேட்டுவிட்டு எடுத்துப் போங்கள்.

அனுமதி பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால் ரசீது கேட்டு வாங்குங்கள். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு வருமான வரியில் சலுகை உண்டு. ஆனால், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. புது வரி முறைக்காரர்களுக்குப் புண்ணியம் மட்டும்தான்.

கண்ட இடத்தில் சோறு கொட்டாதீர்கள். குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, வாசல் இங்கெல்லாம் வைக்கக் கூடாது என்று 2023 விதிகளே சொல்கின்றன. உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22-ல், தெருவில் கண்டபடி உணவு வைக்கக் கூடாது, அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஊசி போட்டு அதே இடத்தில் விடலாம், ஆனால் ரேபீஸ் உள்ளதையும் கடிக்கிற மூர்க்கமானதையும் விடக் கூடாது என்றது. அதே ஆண்டு நவம்பர் 7-ல் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்கச் சொன்னது. நாய்ப் பிரியர்களுக்கு வருத்தம்தான். ஆனால், காப்பகத்துக்கு ஆளும் பணமும் எவ்வளவு தேவை என்பதை இதிலேயே புரிந்துகொள்ளலாம்.

இன்னொன்று. விஷம் வைக்கிறேன் என்று யாராவது கிளம்பினால், பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் ஐந்து வருஷம்வரை உள்ளே போக நேரும் என்று சொல்லிவையுங்கள். வெறுமனே அடித்து வதைத்தால்? 1960-ஆம் வருஷச் சட்டத்தில் முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரை. ஆமாம், ஐம்பது! ஹோட்டலில் ஒரு நெய் ரோஸ்ட்கூட வராது.

* * *

ராஜா இப்போது நடக்கிறது. லேசாகத் தாங்கித் தாங்கி. ராணி என்று தெரிந்த பிறகும் தெருவில் எல்லாரும் ராஜா என்றுதான் கூப்பிடுகிறோம். அதுவும் ஆட்சேபிக்கவில்லை. காதோரத்தில் சின்ன வெட்டு வந்துவிட்டது.

அந்தத் தகப்பனார் நாய் நேசர் ஆகிவிட்டாரா என்று கேட்பீர்கள். இல்லை. இன்றைக்கும் ராஜாவைக் கண்டால் எதிர்ப்பக்கமாகத்தான் நடக்கிறார். ஆனால், போன வாரம் தெருவில் புதிதாக ஒரு நாய் வந்ததை முதலில் கவனித்து, "காதுல வெட்டு இல்ல தம்பி, ஊசிக்குச் சொல்லிடுங்க" என்று என்னிடம் வந்து சொன்னவர் அவர்தான். மகளும் கூட நின்றாள், அப்பாவின் கையை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு.

அதனால், அடுத்த தடவை யாராவது நோட்டோடு எதிரே வந்தால் போனைக் காதில் வைக்காதீர்கள். நின்று, முதலில் கணக்கைக் கேளுங்கள். கணக்கு நேராக இருந்தால் ஐம்பது ரூபாய் எழுதுங்கள்.

என் நோட்டில் இன்னும் இருபத்திரண்டு பக்கம் பாக்கி இருக்கிறது. உங்கள் தெருப்பக்கமும் வருவேன்!